ஒத்துக்காரர் மகள் பதில்கள்: மூச்சு நிற்காத குழல்

நாதஸ்வரக் குழுவில் சுருதி மட்டும் பிடிக்கும் குழலான ஒத்து ஊதியவரின் மகள் நான். மயிலாடுதுறைப் பக்கத்துக் கோயில்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அப்பா ஒத்து பிடித்தார். பிறகு நர்ஸ் வேலைக்காக கிளாஸ்கோ போய்ப் பதினான்கு ஆண்டுகள் இருந்தேன். அங்கே பேக்பைப் கேட்கப் பழகியதைப் பற்றிப் போன இதழில் நான்கு வரி எழுதியிருந்தேன். இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை பதில்கள் எல்லாம் பேக்பைப்புக்கே.

குடியரசு தின அணிவகுப்பில் ராணுவத்தினர் பேக்பைப் வாசிப்பதைத் தொலைக்காட்சியில் பார்க்கிறேன். எல்லாப் பாட்டும் ஒரே பாட்டாகக் கேட்கிறது, காதையும் துளைக்கிறது. இதில் நீங்கள் ரசிப்பது எதை?
— வாசகர், கும்பகோணம்

கிளாஸ்கோவில் முதல் ஆண்டு எனக்கும் அப்படித்தான் கேட்டது. அந்தக் கருவி எப்படி ஒலிக்கிறது என்று தெரிந்த பிறகுதான் காது திறந்தது. அதனால் முதலில் கருவியைச் சொல்கிறேன்.

ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் பேக்பைப்பில் இடது கையிடுக்கில் ஒரு பை. வாயால் ஒரு குழாய் வழியே அதில் காற்றை நிரப்புகிறார்கள். வாசிப்பவர் மூச்சு இழுக்கும்போது கை பையை அமுக்கிக்கொள்கிறது. ஆகவே ஒலி நிற்பதே இல்லை. பாட்டு வாசிக்கும் குழலுக்குச் சாண்டர் என்று பெயர். அதில் மொத்தம் ஒன்பது சுரங்கள்தான். சத்தத்தைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. நாதஸ்வரக்காரர் ஒரே சுரத்தை இரண்டு தடவை ஊத வேண்டுமென்றால் ஒலி எழுப்பும் நாணல் பட்டையான சீவாளியில் நாக்கால் ஒரு வெட்டு வெட்டினால் போதும். இங்கே சீவாளி பைக்குள் செருகிய இடத்தில் மறைந்திருக்கிறது. வாசிப்பவரின் நாக்கு அதைத் தொடவே முடியாது.

அப்படியானால் ஒரு சுரத்தை இன்னொரு சுரத்திலிருந்து எப்படிப் பிரிப்பது? விரலால்தான். இரண்டு சுரங்களுக்கு நடுவே வேறொரு துளையை ஒரு கணம் திறந்து மூடுகிறார்கள். நம் அனுஸ்வரம் போல ஒரு பொறி தெறித்து மறைகிறது. க்ருன்லூஅ என்று ஒரு பிடி இருக்கிறது. கண் இமைக்கும் நேரத்துக்குள் ஏழெட்டுச் சுரங்கள் தனித்தனியாக விழ வேண்டும். ஒன்று மங்கினாலும் தேர்ந்த காதுக்குத் தெரிந்துவிடும். அடுத்த முறை கேட்கும்போது மெட்டைப் பின்தொடராமல் அந்தப் பொறிகளை மட்டும் கேளுங்கள். ஒருவர் வாசிப்புக்கும் இன்னொருவர் வாசிப்புக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அங்கேதான்.

மூச்சு நிற்காத கருவியில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி விடுவது எப்படி என்ற இந்த ஒரு கேள்விக்கு ஒவ்வொரு நாட்டுக்காரரும் வேறு வேறு விடை கண்டிருக்கிறார்கள். பேக்பைப் மரபுகளை நான் பிரித்தறிவது அந்த விடையை வைத்துத்தான்.

பிறகு, தோளில் சாய்ந்து நிற்கும் மூன்று சுருதிக் குழல்கள். இரண்டு, சாண்டரின் ஆதார சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே. ஒன்று, இரண்டு ஸ்தாயி கீழே. ஒரு விடுமுறைக்கு வந்தபோது கேசட்டில் ஒரு தனி வாசிப்பைப் பதிவு செய்து கொண்டுவந்து அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். பாதியில் கை காட்டி நிறுத்தச் சொன்னார். "கீழே சுருதி பிடிக்கிறவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டார். ஒரே ஆள்தான் அப்பா, எல்லாம் கையிடுக்குப் பையிலிருந்து வருகிறது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்படியானால் அவனுக்குக் கன்னம் வலிக்காது" என்றார்.

ஆகஸ்ட் மாதம் கிளாஸ்கோ கிரீன் பூங்காவில் பேக்பைப் இசைக்குழுக்களின் உலகப் போட்டி நடக்கும். எனக்குப் பிடித்த இடம் போட்டி வட்டம் அல்ல, அதற்கு முன்னால் குழுக்கள் சுருதி சேர்க்கும் புல்வெளி. குழுத் தலைவர் ஒவ்வொருவரின் தோளருகே போய்ச் சுருதிக் குழலைச் சிறிது ஏற்றி இறக்குவார். சாண்டரின் துளை ஓரத்தில் ஒட்டிய டேப்பை மயிரிழை நகர்த்துவார். இருபது பேர், அறுபது சுருதிக் குழல்கள். முதலில் தேன்கூடு கலைந்த மாதிரி இருக்கும். ஒரு கட்டத்தில் எல்லாம் சேர்ந்து ஒன்றாகும்போது, புல் தரையே ரீங்கரிப்பது போல இருக்கும். நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் நாள் முழுவதும் அந்தப் புல்வெளியிலேயே நின்றிருக்கிறேன்.

பேக்பைப் என்றால் அணிவகுப்பு இசை மட்டும்தானா? நம் ஆலாபனை போல நிதானமாக எதுவும் கிடையாதா?
— வாசகி, மதுரை

உண்டு. அதுவே அவர்களுடைய உயர்ந்த இசை. ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் கியோல் மோர், அதாவது பெரிய இசை என்று சொல்கிறார்கள். அணிவகுப்பும் நடனமும் சிறிய இசையில் சேரும். பெரிய இசையில் முதலில் வரும் மெட்டுக்கு ஊர்லர் என்று பெயர். தரை என்று பொருள். தரையை மிக மெதுவாக விரிப்பார்கள். பிறகு அதன் மேல் ஒவ்வொரு சங்கதியாக ஏறும். அனுஸ்வரங்கள் சிக்கலாகிக்கொண்டே போய் க்ருன்லூஅவில் உச்சம் தொடும். பிறகு வாசிப்பவர் மறுபடியும் தரைக்குத் திரும்புவார். பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். வேகம் கூடக் கூட வாசிப்பவரின் நடை நின்றுவிடும். தரைக்குத் திரும்பியதும் மெல்ல நடக்கத் தொடங்குவார்.

ஸ்கை தீவில் போரரேக் என்ற இடத்தில் மக்ரிமன் குடும்பம் வாழ்ந்தது. டன்வேகன் கோட்டையின் மக்லியாட் தலைவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் குழல் வாசித்தவர்கள். அவர்களில் பேட்ரிக் மோர் என்பவருக்கு எட்டு மகன்கள் இருந்ததாகவும், ஒரே ஆண்டில் ஏழு பேர் இறந்துபோனதாகவும், அந்தத் துக்கத்தில் அவர் பிள்ளைகளுக்கான இரங்கல் இசையை அமைத்ததாகவும் வழிவழியாகச் சொல்கிறார்கள். ஒன்பது சுரங்களில் ஏழு பிள்ளைகளின் சாவு. குழந்தைகள் வார்டில் வேலை பார்த்தவள் நான். அதை உட்கார்ந்துகொண்டு என்னால் கேட்க முடிந்ததில்லை.

இதை அவர்கள் எழுத்தில் கற்றுக்கொடுக்கவில்லை, வாயால் பாடிக் கொடுத்தார்கள். ஹிஹாரின், ஹோட்ரோ என்று ஒவ்வொரு விரல் அசைவுக்கும் ஒரு சொல். கௌன்ட்ராக்த் என்று அதற்குப் பெயர். தவில் சொற்கட்டு கேட்டு வளர்ந்த எனக்கு அதற்கு விளக்கமே தேவைப்படவில்லை. 1797-ல் காலின் கேம்பல் என்பவர் அந்தச் சொற்களிலேயே உருப்படிகளை எழுதிவைத்தார். அதனால்தான் பல உருப்படிகள் இன்று நமக்குக் கிடைக்கின்றன.

எந்தக் கலைஞரிடமிருந்து கேட்கத் தொடங்கலாம்? ஒரே ஒருவரைச் சொல்லுங்கள்.
— வாசகர், திருநெல்வேலி

ஜானி டோரன். ஸ்காட்லாந்துக்காரர் அல்லர், அயர்லாந்துக்காரர்.

அயர்லாந்தின் பேக்பைப்புக்கு இல்லன் பைப் என்று பெயர்; இல்லன் என்றால் முழங்கை. வாயால் ஊதுவதில்லை. வலது முழங்கையின் கீழ் கொல்லன் பட்டறைத் துருத்தியின் சின்ன வடிவம் ஒன்றைக் கட்டிக்கொள்கிறார்கள். இடது கையிடுக்கில் பை. எச்சில் ஈரம் படாத உலர்ந்த காற்று என்பதால் சீவாளி மெல்லியதாக இருக்கலாம், ஒலியும் இனிமையாகிறது. இரண்டு ஸ்தாயி வாசிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, சாண்டரின் அடி முனையைத் தொடை மேல் விரித்த தோல் துண்டில் அழுத்தி அடைத்து, துளைகளையும் மூடினால் பாட்டு சட்டென்று நின்றுவிடும். மூச்சு நிற்காத கருவியில் மௌனத்தைக் கொண்டுவர ஐரிஷ்காரர்கள் கண்ட வழி அது. போதாததற்கு ரெகுலேட்டர் என்று சாவிகள் வைத்த மூன்று குழல்கள் தொடை மேல் கிடக்கும். விரல்கள் பாட்டில் இருக்கும்போதே வலது மணிக்கட்டின் ஓரத்தால் அந்தச் சாவிகளைத் தட்டித் துணைச் சுரங்கள் எழுப்புவார்கள். கற்க ஏழு ஆண்டு, பயிற்சிக்கு ஏழு ஆண்டு, வாசிக்க ஏழு ஆண்டு, ஆக மொத்தம் இருபத்தோரு ஆண்டு என்பது அவர்களுடைய பழைய கணக்கு.

டோரன், நாடோடிச் சமூகத்தில் பிறந்தவர். குதிரை பூட்டிய வண்டி வீட்டில் ஊர் ஊராகப் போய், சந்தையிலும் குதிரைப் பந்தயத்திலும் விளையாட்டு மைதான வாசலிலும் வாசித்தார். பலரும் உட்கார்ந்து வாசிக்கும் இந்தக் கருவியை அவர் நின்றுகொண்டே, ஒரு காலைப் பெட்டியின் மேல் ஊன்றி வாசிப்பார். 1930களில் கிளேர் மாவட்டத்தின் மில்டவுன் மால்பே ஊரில் அவரைக் கேட்ட ஓர் இளைஞர் இந்தக் கருவியின் மேல் பித்தானார். அவர்தான் பின்னாளில் பெரும் கலைஞரான வில்லி கிளான்சி. கிளான்சி 1973-ல் இறந்த பிறகு அவர் பெயரில் அதே ஊரில் தொடங்கிய கோடைப் பள்ளிக்கு இன்றும் உலகமெங்குமிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

1947-ல் ஜான் கெல்லி என்ற ஃபிடில் கலைஞர், நண்பர் டோரனின் உடல்நிலையைக் கண்டு கவலைப்பட்டு, அவரை ஐரிஷ் நாட்டுப்புறவியல் ஆணையத்துக்கு அழைத்துப் போனார். சில இசைத்தட்டுகளில் அவர் வாசிப்பைப் பதிவு செய்தார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் டப்ளினில் வண்டி நின்ற இடத்தில் ஒரு சுவர் இடிந்து அதன் மேல் விழுந்தது. டோரனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. 1950-ல் இறந்துபோனார். நாற்பது வயதைக் கொஞ்சம் தாண்டியவர். நமக்கு மிச்சம் அந்தச் சில தட்டுகள்தான். ஒரு நண்பரின் கவலை சில மாதம் தாமதித்திருந்தால் அதுவும் இல்லை.

பதிவில் கரகரப்பு இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். திறந்த வெளியில் கூட்டத்தை நிறுத்தி வைத்துப் பழகிய வாசிப்பு அது. மெட்டு பாய்ந்து ஓடும்போதே அடியில் ரெகுலேட்டர் சாவிகள் தாளம் போடும். ஒரு ஆள்தான் வாசிக்கிறார் என்பதை நான் முதலில் நம்பவில்லை.

அவரைக் கேட்ட பிறகு ஷேமஸ் என்னிஸ், லியோ ரௌசம் என்ற இல்லன் பைப் கலைஞர்கள் இருவரையும் கேளுங்கள். என்னிஸ் தம்முடைய குழல்களை லியாம் ஓஃப்ளின்னுக்கு விட்டுச்சென்றார். ஓஃப்ளின்னின் வாசிப்பில் அந்தக் கருவியே கேட்கிறது என்பதும் ஒரு சுகம். 1968-ல் இல்லன் பைப் கலைஞர்கள் சங்கம் தொடங்கியபோது வாசிக்கத் தெரிந்தவர்கள் நூறு பேரைத் தேடிப் பிடிப்பதே கடினம். 2017-ல் இந்த மரபை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நான் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். வீட்டுக்குள் வாசிக்கக்கூடிய அடக்கமான பேக்பைப் உண்டா?
— வாசகி, சென்னை

இங்கிலாந்தின் வடகோடியில் நார்தம்பர்லாந்து சிறுகுழல். அதற்கும் துருத்திதான். சாண்டரின் அடி முனை நிரந்தரமாக அடைபட்டிருக்கும். அதனால் எல்லாத் துளைகளையும் மூடினால் பாட்டுக் குழல் ஊமையாகிவிடும். ஒரு சுரத்துக்கு ஒரு விரலை மட்டும் தூக்கி, அதை வைத்த பிறகே அடுத்ததைத் தூக்க வேண்டும். ஒவ்வொரு சுரமும் பட்டாணி உருண்டது போலத் தனித்தனியே விழும்.

நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியான டாம் கிளஃப் இந்த ஒழுங்கின் சிகரம். ஒரு சுரமும் இன்னொன்றோடு ஒட்டக் கூடாது என்பதில் கடும் பிடிவாதக்காரர். அவருக்குப் பின்வந்த பில்லி பிக் அந்த ஒழுங்கை வேண்டுமென்றே தளர்த்தி, விரலைத் திறந்துவிட்டு, சுரத்தைக் குழைத்தார். யார் வழி சரி என்று அந்த ஊரில் இன்னும் வாதாடுகிறார்கள். நான் கிளஃப் பக்கம். பிக் வாசித்த மெதுவான மெட்டுகளைக் கேட்கும்போது மட்டும் வாதாட எனக்கு மனம் வருவதில்லை.

பெண்கள் பேக்பைப் வாசிப்பதுண்டா?
— வாசகி, ஈரோடு

நிறையவே. ஸ்பெயினின் கலீசியாவில் கைத்தா என்ற பேக்பைப் உண்டு. அதைச் செய்யும் குடும்பத்தில் பிறந்த சுசானா செய்வானே அதன் முன்னணிக் கலைஞர். நார்தம்பர்லாந்து சிறுகுழலுக்கு கேத்ரின் டிக்கெல். ஸ்காட்லாந்தின் ஓபன் நகரில் பெரிய இசைக்கான தங்கப் பதக்கத்தை ஒரு பெண் முதன்முதலாக வென்றது 2010-ல்தான். அவர் பெயர் ஃபே ஹென்டர்சன். ஸ்கை தீவின் ப்ரீட்ஜ் ஹாம்பல் இன்னும் இளையவர். சுருதியை ஓரத்தில் ஒதுக்காமல் அதையே நடுவில் வைத்து வாசிக்கிறார். அப்பா இருந்திருந்தால் முதலில் அவர் வாசிப்பைத்தான் போட்டுக் காட்டியிருப்பேன்.

வாயேஜர் விண்கலத்தில் பேக்பைப் இசை போயிருப்பதாக மகன் சொல்கிறான். உண்மையா?
— வாசகர், கோவை

உண்மை. 1977-ல் இரண்டு வாயேஜர் கலங்களிலும் வைத்த தங்கத் தட்டில், இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்கரின் குரல் இருக்கும் அதே தட்டில், பல்கேரியாவின் வல்யா பல்கான்ஸ்கா பாடிய ஒரு பாட்டு இருக்கிறது. துணைக்கு லாசர் கனேவ்ஸ்கி, ஸ்தெஃபான் சாக்மனோவ் இருவரும் பேக்பைப் வாசிக்கிறார்கள். ரொடோப்பி மலைகளின் கபா கைடா அது. ஆட்டுத் தோல் பை, தாழ்ந்த கனத்த ஒலி. அதன் சாண்டரின் உச்சியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. தெள்ளுப்பூச்சித் துளை என்று அதைச் சொல்வார்கள். அதைத் திறந்தால் வாசிக்கும் சுரம் ஏறக்குறைய அரை சுரம் உயரும். அந்தத் துளையை வைத்துக்கொண்டு அவர்கள் சுரத்தை நடுங்க வைப்பதும் வளைப்பதும் நம் கமகத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. பாடகியின் குரல் மேலே போகும்போது இரண்டு குழல்களும் மலைபோல அசையாமல் நிற்கின்றன.

நம் நாதஸ்வரத்துக்கு நெருக்கமான பேக்பைப் மரபு எது? தமிழ்நாட்டில் இப்படி ஒரு கருவி இருந்ததா?
— வாசகர், தஞ்சாவூர்

நெருக்கம் என்றால் பிரான்சின் பிரித்தானி. அங்கே பொம்பார்டு என்று நாதஸ்வரத்தின் தம்பி போல ஒரு கருவி, இரட்டைச் சீவாளி, ஊதினால் தெருவே திரும்பும். அதோடு பினியூ என்ற சின்னஞ்சிறு பேக்பைப், பொம்பார்டுக்கு ஒரு ஸ்தாயி மேலே. பொம்பார்டு ஊதுவது நெஞ்சை வாங்கும் வேலை. அதனால் அவர் ஓர் அடி வாசித்துவிட்டு வாயை எடுத்துவிடுவார். பினியூ நிற்காமல் அதே அடியைத் தாங்கிப் போகும். இவர் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சேருவார். மௌனத்தை இரண்டு பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். கல்யாண ஊர்வலத்தில் இந்த ஜோடி முன்னால் நடந்து வருவதைப் பார்த்தபோது, ஊர் ஞாபகத்தில் நான் செருப்பைக் கழற்றிவிட்டேன்.

தமிழ்நாட்டிலும் இருந்தது. துத்தி. ஆட்டுக்குட்டித் தோல் பை, ஊதும் குழல் ஒன்று, சுருதி ஒலிக்கும் குழல் ஒன்று. பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிர்க் கச்சேரியில், சிறு நாதஸ்வரம் போன்ற முகவீணையோடும் மிருதங்கத்தோடும் பின்னால் நின்று சுருதி பிடித்தது இதுதான். சுருதி உபாங்கம் என்றும் பெயர் உண்டு. 1891-ல் தென்னிந்தியக் கருவிகளைப் பற்றி எழுதிய கேப்டன் சி. ஆர். டே இதைப் பதிவு செய்திருக்கிறார். அதில் மெட்டு வாசிப்பதில்லை, சுருதி மட்டும்தான். சுருதிப்பெட்டி வந்தது, பிறகு மின்சாரப் பெட்டி வந்தது. துத்தியும் போயிற்று, ஒத்தும் ஏறக்குறையப் போயிற்று.

"அவனுக்கு இவன் ஒத்து ஊதுகிறான்" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் உள்ளே சுருக்கென்கிறது. ஒத்து ஊதுவது தலையாட்டுகிற வேலை அல்ல. கன்னத்தில் காற்றை அடக்கி, மூக்கால் இழுத்து, ஒரு நொடி அறுபடாமல் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். உலகில் இத்தனை ஊர்களில் ஆட்டுத் தோலைத் தைத்துப் பை செய்தது அந்த ஒரு வேலைக்காகத்தான். அப்பா அதைக் கன்னத்தால் செய்தார்.

ஸ்காட்லாந்துக்காரர்கள்தான் இதைக் கண்டுபிடித்தார்களா?
— வாசகர், புதுச்சேரி

இல்லை. முதல் நூற்றாண்டு ரோமாபுரியிலேயே இருந்தது. நீரோ மன்னன் மேடையில் பைக்குழல் வாசிப்பதாக நேர்ந்துகொண்டான் என்று ஸ்வெட்டோனியஸ் எழுதியிருக்கிறார். துனீசியாவில் மெஸ்வெத், ஈரானின் கடற்கரையில் நேய் அம்பான், தென் இத்தாலியில் இரண்டு பாட்டுக் குழல்கள் வைத்த சம்போன்யா. ஆடு மேய்த்த இடங்களில் எல்லாம் ஏதாவது ஒன்று இருக்கிறது.

ஒன்பது வயதுப் பேரன் யூடியூபில் பார்த்துவிட்டு பேக்பைப் வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். இப்போது வயலின் கற்கிறான். வாங்கித் தரலாமா?
— வாசகர், திருச்சி

முழுக் கருவி இப்போது வேண்டாம். பிராக்டிஸ் சாண்டர் என்று ஒன்று கிடைக்கும். பை இல்லை, சுருதிக் குழல்கள் இல்லை, புல்லாங்குழல் அளவு, பக்கத்து வீட்டுக்குக் கேட்காத ஒலி. ஸ்காட்லாந்துப் பிள்ளைகளும் அதில்தான் தொடங்குகிறார்கள். ஓர் ஆண்டுக்குக் குறையாமல் அதிலேயே இருப்பார்கள். தேர்ந்த கலைஞர்கள்கூட தினசரிச் சாதகத்தை அதில்தான் செய்கிறார்கள். பாகிஸ்தானின் சியால்கோட்டில் செய்யும் மலிவான கருவிகள் உலகச் சந்தையில் நிறைய உண்டு. வாங்குவதற்கு முன் தெரிந்தவர் ஒருவரை ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள். துளைகள் சுருதியில் இல்லாத குழலில் பழகிய காதைத் திருத்துவது பெரும்பாடு. ராணுவ இசைக்குழுவில் இருந்து ஓய்வு பெற்றவர் யாராவது உங்கள் ஊரில் இருக்கலாம். விசாரியுங்கள், அவரை விட நல்ல ஆசிரியர் கிடைக்க மாட்டார்.

வயலினில் விரல் நுனியை ஊன்றிப் பழகியிருப்பான். இதில் விரலை நீட்டித் தட்டையாக வைத்துத் துளையை மூட வேண்டும். முதல் சில வாரம் துளை சரியாக மூடாமல் கீச்சென்று கத்தும். அந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொள்ளாமல் அவன் பக்கத்தில் உட்காருங்கள். தம்புரா இருந்தால், மீட்டிக்கொண்டே உட்காருங்கள்.